பின்னால் வந்த பை

ரோமாபுரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்கரேயில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சொன்னது. அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் அவர் பெட்டிகளை ஏற்றி இறக்குவார். நான் அதே கொட்டகையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளுக்கான காகிதங்களைத் தயார் செய்வேன். மதுரையில் பிறந்த எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது காலை பத்து மணி ஸ்மோக்கோ மட்டும்தான். நியூசிலாந்தில் தேநீர் இடைவேளைக்கு அப்படித்தான் பெயர், புகைக்கிறவர்கள் ஒருவரும் இல்லாவிட்டாலும்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவரிடம் எப்போதும் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும். ரோமில் ஒரு பெரிய தளபதி, அவருக்கு வலது கையாக ஓர் உபதளபதி. இருவரும் பத்து வருடத்துக்குக் கிட்டச் சேர்ந்து நின்று வெளிநாட்டில் சண்டை போட்டவர்கள். பெயர்களைப் பல தடவை சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் வாயில் நுழையவில்லை. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பெரியவர் படையைத் திருப்பிக்கொண்டு சொந்த நகரத்தின் மீதே வந்தார். இது தப்பு என்று உபதளபதி எதிர்ப்பக்கம் போய்விட்டார். போனவருடைய பணத்தையும் மூட்டை முடிச்சுகளையும் பெரியவர் பின்னாலேயே அனுப்பி வைத்தார்.

“ஏன் அனுப்பினவர்?” என்று கேட்பார்.

என்னை மட்டும் கேட்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர், சமோவாக்காரர், “பெரிய மனசு” என்றார். பஞ்சாபி லாரிக்காரர், “அவமானப்படுத்தத்தான்” என்றார். “எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்திருக்கும்ணே, தொல்லை விட்டுச்சுன்னு அனுப்பியிருப்பார்” என்று நான் சொன்னேன். எல்லாருக்கும் அவர் “இருக்கலாம்” என்றே பதில் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள், “உங்களுக்கு என்ன தோணுது, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றேன்.

“தெரிஞ்சா ஏன் பிள்ளை கேக்கிறன்?” என்றார்.

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு நாலாவது வருடம்தான் புரிந்தது. அந்தக் கேள்விக்குள் ஓர் உயிர் போவதும் நிற்பதும் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், அவரிடம் இருந்த ஒரு பிடிவாதத்தைச் சொல்ல வேண்டும். விட்டு வந்த இடத்தைப் பற்றி அவர் வாயே திறக்க மாட்டார்.

எங்களிடம் வருமுன் இரண்டு தெரு தள்ளி இன்னொரு சரக்குக் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்திருக்கிறார். ஏதோ சண்டையில்தான் வெளியே வந்தாராம். எங்கள் மேனேஜர் அவரை அழைத்து, அங்கே நண்டும் இறாலும் அனுப்புகிற வாடிக்கைக்காரர்கள் யார் யார் என்று நைசாகக் கேட்டார். “அவர்களையே கேளுங்கள், லாரியில் நம்பர் எழுதியிருக்கிறது” என்று இவர் சாந்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பிரிந்து மெல்பர்ன் போய்விட்ட மனைவியைப் பற்றிக் கேட்டாலும் “நல்ல மனிசி” என்பதோடு சரி. ஊரெல்லாம் அந்த அம்மாள் இவரைப் பற்றி வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்.

“வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?” என்று சீண்டுவேன்.

“நாளைக்கு இங்கயிருந்தும் போவன். அப்ப உங்களைப் பற்றியும் கதைக்கச் சொல்லுவாங்கள்” என்பார்.

பேசாமல் இருப்பதோடு நின்றால் பரவாயில்லை. ஒடாஹுஹுவில் அவர்கள் தமிழ்ப் பூசைக்குக் கூடுகிற சபை இரண்டாக உடைந்தது. மாதா திருநாளுக்குச் சுரூபத்தை முதலில் யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று தொடங்கி, யார் சபையை நடத்துவது என்று முடிந்த சண்டை. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு கிளென் ஈடனில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். இவர் ஒடாஹுஹு பக்கமே நின்றார். நின்றவர் சும்மா இருக்கலாம் அல்லவா? அடுத்த சனிக்கிழமை சபையின் இரண்டு ஆர்மோனியங்களில் ஒன்றையும், பாட்டுப் புத்தகங்களில் பாதியையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு கிளென் ஈடனுக்குப் போய் இறக்கிவிட்டு வந்தார். இந்தப் பக்கத்தார் துரோகி என்றார்கள். அந்தப் பக்கத்தார் உளவு பார்க்க வந்திருக்கிறான் என்று ஒரு வாய்த் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. ஆர்மோனியத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“ஒங்களுக்கு ஏன்ணே இந்த வேலை?” என்றேன்.

“அவையளும் பாடத்தானே வேணும்” என்றார்.

நாலாவது வருடத்தின் குளிர்காலத்தில் ஒரு மதியம், கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் அவருக்காகக் காத்து நின்றாள். நர்ஸ் உடுப்பு, முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து நிமிடம் பேசினார்கள். திரும்பி வந்தவர் ஃபோர்க்லிஃப்டின் கம்பியைப் பூப்பெட்டி ஒன்றின் நடுவே சொருகிவிட்டார். அவர் ஒரு பெட்டியைக் கிழித்து நான் அன்றுதான் பார்த்தேன். அறையிலிருந்து ஓடிப்போய், “என்னாச்சு?” என்றேன்.

“என்ர பழைய பொறுப்பாளர் வந்து நிக்கிறாராம். கிளென் ஈடனில, மகளோட. அகதியா ஏற்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். நான் ஒரு கடிதம் குடுக்க வேணுமாம்.”

பொறுப்பாளர் என்றால் இயக்கத்தில் ஒரு பகுதிக்குத் தலைவர். எண்பதுகளில் அங்கே இயக்கங்கள் பல இருந்தன. அரசாங்கத்தோடு சண்டை போட்டதோடு தங்களுக்குள்ளும் சுட்டுக்கொண்டன. அதில் ஒன்றில் இவர் இருபது வயதில் சேர்ந்து, அந்தப் பொறுப்பாளருக்கு நாலு வருடம் வலது கையாக இருந்திருக்கிறார். பொறுப்பாளர் பிறகு இந்தியாவில் முகாம் முகாமாகக் காலம் கழித்து, ஊருக்குத் திரும்பி, மனைவி இறந்தபின் மகளைப் பார்க்க இங்கே வந்தவர். திரும்பிப் போனால் அவரை உயிரோடு விட மாட்டார்கள், அரசாங்கம், எதிர் இயக்கம் என்று பழைய பகை இரண்டு பக்கமும் அவரைத் தேடுகிறது என்றாள் மகள். கீழே வேலை செய்து, சண்டை போட்டு விலகிய ஒருவர் அதைச் சொன்னால்தான் அதிகாரிகள் நம்புவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

“எழுதிக் குடுங்க. நான் டைப் பண்றேன், இங்கிலீஷ்ல” என்றேன்.

“எழுதினா முழுக்க எழுத வேணும், பிள்ளை.”

அந்த முழுக்கவும் என்ன என்பதை அடுத்த மூன்று ஸ்மோக்கோக்களில் சொன்னார். எதிர் இயக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் பிடிபட்டிருந்தார்கள். பத்தொன்பது வயது. ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

“அண்ணை என்னைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் முடிச்சிடு எண்டவர். ஏலாது எண்டன். யோசிச்சுச் சொல் எண்டவர். யோசிக்கப் போறன் எண்டு வெளியில வந்து சைக்கிளை எடுத்தன். நேர அவங்கட முகாமுக்குத்தான் போனன், உங்கட பெடியள் இன்ன இடத்தில எண்டு சொல்ல. அவங்கள் வந்து சேரேக்க எல்லாம் முடிஞ்சுது.”

கோப்பையை ஓரமாக வைத்தார். “போகேக்க அவிழ்த்து விட்டிட்டுப் போயிருக்கலாம். சைக்கிள் பூட்டுத் திறப்பை எங்க வைச்சன் எண்டுதான் யோசிச்சன். கயிறை யோசிக்கேல்லை.”

நாலாம் நாள் ஒரு மீன்காரர் வந்து எதிர் முகாமில் ஒரு பையைக் கொடுத்திருக்கிறார். பொறுப்பாளர் கொடுத்தனுப்பியது. இவருடைய இரண்டு கைலி, இரண்டு சட்டை, சீப்பு, தாய் கொடுத்த செபமாலை. அதைப் பார்த்த கணமே அங்கே முகங்கள் மாறிவிட்டன. கொல்லத் தேடுகிறவன் உடுப்பு அனுப்புவானா, நீ அவனுடைய ஆள்தான் என்றார்கள். இல்லையென்றால் அங்கேயிருந்து ஒருவனைப் பிடித்துத் தா, நம்புகிறோம் என்றார்கள். இவர் மாட்டேன் என்றார். அவர்கள் பிடித்து வைத்திருந்த பள்ளிக்கூடம் ஒன்றின் நூலக அறையில் ஐந்து மாதம் அடைத்துவிட்டார்கள். மேசை நாற்காலியெல்லாம் விறகாகிவிட்ட அந்த அறையில் ஒரு புத்தகம் மட்டும் மிச்சம் இருந்தது. உயர்தர வகுப்புக்கான கிரேக்க உரோம நாகரிகம்.

“அதிலதான் அந்த உபதளபதியைக் கண்டனான்” என்றார். “எதிர்ப்பக்கம் போன மனிசன் பிறகு என்ன செய்தவர் தெரியுமோ? நம்பாத ஆக்களுக்கு நடுவில நிண்டவர். தன்னை நம்ப வைக்க எண்டு, பிடிபட்ட தன்ர பழைய படையாக்களைத் தோழர்மாரே எண்டு கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால வெட்டிப் போட்டவர். அதை வாசிச்ச அண்டைக்குத்தான் எனக்குப் பயம் பிடிச்சது. சாகப் பயமில்லை. நானும் அப்பிடி ஆகிடுவனோ எண்டு.”

ஆகவில்லை. செத்த பையன்களில் ஒருவனுடைய தமையன் வந்து, இவன் நமக்குச் சொல்ல ஓடி வந்தவன் என்று பேசியதால் உயிரோடு விட்டார்கள். உபதளபதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடைசிப் போரில் செத்தார். அவர் தலையைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறாராம், முறைப்படி அடக்கம் செய்தார்கள் என்று இன்னொருவர். அதிலும் எது உண்மை என்று இவருக்குத் தெரியவில்லை.

எனக்கு ரோமாபுரி எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இருந்தது. பத்தொன்பது வயதில் என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான். “அந்த ரெண்டு பசங்களுக்கும் அம்மா இருந்திருப்பாங்களேண்ணே? நாப்பது வருசமா நீங்க வாயத் தொறக்கலையே. இதுக்குப் பேர் விசுவாசமா? எனக்குப் பயமாத்தான் தெரியுது” என்று கொட்டிவிட்டேன். பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கும் மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் கண்ணாடிக் கதவைத் தட்டினார். “கார் கொண்டு வந்தனீங்களோ? பின்னேரம் கிளென் ஈடனுக்கு ஒருக்கா வாங்கோ. தனியப் போனா கேக்க வேண்டியதைக் கேக்காமல் வந்திடுவன்.”

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. பொறுப்பாளர் என்றதும் நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. ஹீட்டருக்குப் பக்கத்தில், பேரனுடைய பள்ளிக்கூட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும், “வா. உனக்கும் வயசு போட்டுது” என்றார். மகள் தேநீரும் கேக்கும் வைத்துவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனாள். இருவரும் மன்னார் மீனைப் பற்றியும் செத்துப்போனவர்களைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் கேக்கின் முந்திரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் கேட்கவே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்த நேரத்தில் கேட்டார்.

“அண்ணை, அந்தப் பை. ஏன் அனுப்பினனீங்கள்?”

எந்தப் பை என்று கிழவர் கேட்கவில்லை.

“அனுப்பினா அவங்கள் உன்னைச் சந்தேகப்பட்டுச் சுடுவாங்கள் எண்டு தெரியும். அதுக்குத்தான் அனுப்பினனான்.”

இவர் தலையாட்டினார். “செபமாலையும் உள்ளுக்குக் கிடந்தது.”

“நான்தான் வைச்சன். நீ அது இல்லாமல் படுக்க மாட்டாய். சாகேக்க கையில இருக்கட்டும் எண்டு.”

எனக்கு அந்தக் கிழவரை அறையவும் தோன்றியது, அழவும் வந்தது. இரண்டையும் செய்யாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மகள் ஈரக் கையோடு நின்று, “அங்கிள், லாயர் ஃப்ரைடேக்கு முதல் லெட்டர் வேணுமாம். அப்பா நல்லவர் எண்டு எழுதினாலே காணும்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கிழவர், “அவனுக்கு என்ன எழுதோணும் எண்டு நீ சொல்லாதை” என்று அதட்டினார். நெடுஞ்சாலை வழியே இவரை மங்கரேயில் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது, “நாப்பது வருஷமா, அன்போ கொலையோ, ரெண்டில ஏதோ ஒண்டு எண்டுதான் பிள்ளை நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். நாலு வருடம் பொறுப்பாளருக்குக் கீழே இருந்தது. அவரோடு ஒரே கோப்பையில் தேநீர் குடித்தது. இரண்டு பையன்கள், அவர்களுடைய பெயர்கள், ஊர்கள். கொல்லச் சொன்னது யார், எந்த வார்த்தையில் சொன்னார் என்பது. திரும்பிப் போனால் அவரையும் கொல்வார்கள், எந்தச் சந்தேகமும் வேண்டாம் என்பது. நடுவில் நான் கையை எடுத்துவிட்டேன்.

“அண்ணே, பசங்க விஷயத்த எழுதினா அவர அகதின்னு ஒத்துக்கவே மாட்டாங்க. எழுதலைன்னா ஒத்துக்குவாங்க. நல்லா யோசிச்சீங்களா? நான் அன்னைக்குக் கோவத்துல சொன்னத வச்சு...”

“நீங்கள் சொன்னதுக்காக இல்லை. அடியுங்கோ.”

அடித்தேன். அடுத்தது, “நான் அவர்களை அவிழ்த்து விடவில்லை. அவிழ்த்து விட்டிருக்க முடியும்” என்றார். அவருடைய குடியுரிமைக் காகிதங்களில் இயக்கத்தில் இருந்ததாக மட்டும்தான் சொல்லியிருந்தார்.

“இது ஒங்க பக்கமே திரும்பும்ணே. ஒங்க பாஸ்போர்ட்டுக்கே உல வைப்பாங்க.”

“தெரியும். அடியுங்கோ.”

அதையும் அடித்தேன். பிறகு நானாகவே அடுத்த வரியைத் தொடங்கினேன். நாலு நாள் கழித்து ஒரு பை அனுப்பினார், அது என்னைக் கொல்வதற்காக என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விரலை நீட்டினார்.

“அதை எடுத்து விடுங்கோ.”

“இதுதானேண்ணே ஒங்களுக்கு நடந்தது? இத்தன நாளா இதத்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?”

“அந்தப் பெடியளுக்குச் செய்ததை நான் மறைக்கேலாது, அது என்ர இல்லை. இது என்ர. இதை நான் சொல்லாமல் விடலாம்.”

அழித்தேன். மூன்று பிரதி எடுத்தோம், மூன்றிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்தது அவருக்கு நல்லதாக இல்லை. மகள் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்மோக்கோ நேரத்தில் போன் செய்தாள். அப்பா தம்பி போல வைத்திருந்த ஆள் இப்படிக் கழுத்தறுக்கலாமா என்று அவள் அழுதது எனக்கே கேட்டது. கடிதத்தை ஒளித்து வைக்கப் பார்த்தாளாம். கிழவர்தான் கொடுத்தே தீர வேண்டும் என்று சாப்பிடாமல் இருந்து அனுப்ப வைத்திருக்கிறார். சேதி பரவி, ஒடாஹுஹுவில் பூசையில் இவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காராமல் போனார்கள். இவரையும் இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவைக்குக் காத்திருந்து காத்திருந்து அது வரவில்லை. வரவில்லை என்பதை நம்புவதற்கு அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. அத்தனைக்கும் அவர் அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, அவருக்கும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

முடிவு வர எட்டு மாதம் ஆயிற்று. அப்படிப்பட்ட காரியம் செய்தவரை அகதி என்று ஏற்க முடியாது, ஆனால் உயிருக்கு ஆபத்து உண்மை என்பதால் திருப்பி அனுப்பவும் முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஆபத்து உண்மை என்பதற்கு அவர்கள் ஆதாரமாகக் காட்டியது இவருடைய கடிதத்தைத்தான். தன் குற்றத்தையே மறைக்காத சாட்சி இதிலும் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒரு வரி இருந்ததாம். கிழவர் கிளென் ஈடனிலேயே இருக்கலாம்.

இதையெல்லாம் கிழவரே போனில் சொன்னார். ஸ்மோக்கோ முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள், இவர் மட்டும் கொட்டகை வாசலில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு “ஓம், ஓம்” என்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தார். கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது.

“என்னண்ணே சொன்னார்?”

“கடிதத்தை மகள் வாசிச்சுக் காட்டினவவாம். அதில ஒரு பிழை கிடக்காம். நான் சாகடிக்க நினைச்சது ரெண்டு பேர் எண்டு எழுதியிருக்கிறாய், மூண்டு எண்டு வரவேணும், உன்னை விட்டிட்டாய் எண்டவர்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உயிரோட இருக்கிறவனை அதுக்குள்ள சேர்க்கேலாது அண்ணை, நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ எண்டு கேட்டன்.”